வளைவில் பழம், மூட்டையில் மிளகு

கொழும்பு–கண்டி வீதியில் மாவனல்லை கழிந்ததும் பஸ்ஸின் சத்தம் மாறிவிடும். சாரதி கியரைக் குறைப்பார், ஜன்னலோரக் காற்றில் ஈரம் ஏறும், பிறகு மூக்கில் துரியான் அடிக்கும். ஜூலை மாதத்தில் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காணலாம். வீதியோரத்தில் ஒரு தகரக் கூரை, இரண்டு தடி, ஒரு பலகை. பலகையில் ரம்புட்டான் கட்டுகள், கறுத்துச் சிவந்த மங்குஸ்தான், பச்சையும் ஊதாவுமாக ஆனைக்கொய்யா. கீழே சாக்கு விரித்து அதன்மேல் துரியான். 2025 ஜூலையில் நான் அங்கே இறங்கியது ஒரு கணக்குக் கேட்க. கொழும்பில் நாங்கள் ஒரு மங்குஸ்தானுக்குக் கொடுக்கும் காசில் மரத்துக்காரருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவு வைத்திருப்பவர் பழத்தால் பிழைக்க முடியுமா?

இங்கிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர். இந்தக் கணவாயில் வீதி வந்தது 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில். வீதியைப் போட்ட பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் கட்டிய வெள்ளைக் கோபுரம் இன்றும் வீதியோரத்தில் நிற்கிறது. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை 44 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம். அவ்வளவு செலவழித்துப் பாறையைக் குடைந்தது எங்கள் மேல் கொண்ட அன்பினால் என்று யாரும் சொல்லமாட்டார்கள், மலையிலிருந்து கோப்பி இறங்க வேண்டியிருந்தது. ரயில் வந்து இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் கண்டது வேறு கதை. கோப்பியைக் காயவைத்து மூட்டை கட்டிவிட்டால் துறைமுகத்தில் கப்பல் வரும்வரை கிடக்கும். பின்னால் வந்த தேயிலையும் அப்படித்தான். இந்த ரயில் பாதை கெடாமல் கிடக்கக்கூடிய பண்டங்களுக்காகப் போட்டது. பழம் பிற்பாடு வந்து தொற்றிக்கொண்டது.

நான் நின்ற கடையின் நானாவுக்கு அறுபது வயதிருக்கும். "விலையைப் பொறகு பேசலாம், முதல்ல தின்னு பாருங்க தம்பி" என்று ஒரு மங்குஸ்தானை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே பூப்போல ஒரு தழும்பு இருக்கும். அதன் இதழ்கள் எத்தனையோ, உள்ளே சுளைகள் அத்தனை. ஆறு எண்ணினோம், பிளந்தார், ஆறு. வெள்ளைக்காரப் பயணிகளிடம் இதைக் காட்டியே ஒரு கிலோ விற்றுவிடுவாராம். அடுத்த பழத்தை எடுத்து விரலால் அழுத்தினார். ஒரு பக்கம் அமுங்கியது, மறுபக்கம் மரக்கட்டைபோல் இருந்தது. "இது கீழ விழுந்த பழம். விழுந்த பக்கம் ஒரே நாள்ல கல்லாப் போயிரும். பார்த்தா ஒண்ணும் தெரியாது. அழுத்தினாத்தான் தெரியும்." பலகையில் இருந்ததில் நாலில் ஒன்றை அப்படி அழுத்தி அழுத்தி ஒதுக்கி வைத்திருந்தார். ஒதுக்கியதற்கும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்.

"இதெல்லாம் உங்கட மரமா நானா?"

"எங்கட வளவுல ரெண்டு மரம்தான். மத்ததெல்லாம் மேல உள்ள வளவுகள்ல மரத்தோட பேசி எடுக்கிறது."

மரத்தோடு பேசுவதுதான் இங்கே வியாபாரத்தின் முதல் முடிச்சு. பூ பிஞ்சாகும் பருவத்தில் ஒருவர் வருவார். மரத்தை அண்ணாந்து பார்ப்பார், கிளைகளை எண்ணுவார், ஒரு தொகை சொல்லுவார். கையில் காசு மாறியதும் அந்தப் பருவத்துக்கு மரம் அவருடையது. காவல், பறிப்பு, ஏற்றுக்கூலி, குரங்கு, காற்று, மழை எல்லாம் அவர் பாடு. நன்றாகக் காய்த்தால் லாபம் அவருக்கு. பிஞ்சு கொட்டினால் நட்டமும் அவருக்கே. நகரத்திலிருந்து பார்க்கிறபோது இடைத்தரகர் என்றதும் ஒரு கொள்ளைக்காரர் முகம் மனதில் வரும். நானாவோடு அரைநாள் இருந்தபிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வாங்குவது காய்களை மட்டுமன்று, மரத்துக்காரரின் பயத்தையும் சேர்த்துத்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அவர் போடும் விலை அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வைகாசியில் பிள்ளைகளின் செலவுக்குக் காசு தேவைப்படுகிற வீட்டிடம் ஆடியில் பழுக்கப்போகும் மரத்துக்குப் பேரம் பேசினால், பேரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். கடையில் விற்றுத் தீராதது இரவு லொறியில் ஏறிப் பெலியகொடைக்குப் போகும். கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த மெனிங் சந்தை 2020இல் அங்கே மாறியது. அங்கே கமிசன் கழித்து விலை சொல்லுவார்கள். அதிகாலையில் எத்தனை லொறி வந்து நிற்கிறது என்பதைப் பொறுத்தே விலை. அங்கே போனபின் சரக்கைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ரம்புட்டானின் மயிர் இரண்டு மூன்று நாளில் கருகிவிடும். பறித்தபின் அது மேற்கொண்டு பழுக்காது, வாடத்தான் செய்யும். மல்வானைப் பக்கத்து ரம்புட்டானும் களுத்துறை மங்குஸ்தானும் தாழ்நிலத்தில் முந்திப் பழுத்துச் சந்தையை நிரப்புகின்றன. "அவங்கட பழம் முடியிற நேரம் எங்கட தொடங்கும் தம்பி. அந்தச் சொட்டு நாள்தான் காசு. ரெண்டும் ஒண்ணாப் பழுத்த வருஷம் மரத்துலயே விட்டுருவோம்."

மரத்திலேயே விடுவதா என்று கேட்டேன். ஆள் ஏறுகிற கூலி மாறாது என்றார். விலை நல்லாயிருந்தாலும் கெட்டாலும் மரமேறுகிறவருக்கு அதே கூலி. பழத்தின் விலை அந்தக் கூலிக்குக் கீழே போகிற கிழமையில் பறிப்பதே நட்டம். நல்ல விளைச்சல் வந்த வருடங்களில்தான் அதிகப் பழம் மண்ணில் கிடந்து அழுகுகிறது. பழம் பயிரிட்டுப் பழகாதவர்களுக்கு இது புரிய நேரமெடுக்கும்.

மத்தியானத்துக்குப் பிறகு நானா தன் மருமகனை என்னோடு அனுப்பினார், மேலே தன் மூத்த சகோதரி ராத்தாவின் வளவைப் பார்க்க. வீதியிலிருந்து கொங்கிரீட் பாதை, பிறகு கல்படி, பிறகு வெறும் தடம். பழக்கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு இதில் இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். வளவு ஒரு ஏக்கருக்கும் குறைவு. கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டத்தை முதல்முறை பார்க்கிறவருக்கு அது காடாகத் தெரியும். மேலே பலா, தென்னை, கித்துள், துரியான். அதற்குக் கீழே ரம்புட்டான், ஆனைக்கொய்யா, சாதிக்காய். பாக்கு மரங்கள் இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் நேராக எழுந்திருக்கும். கிளிரிசிடியாவின் தண்டைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடி. நிழலில் இஞ்சியும் வாழையும் பழைய கோப்பிச் செடிகளும். ஆனைக்கொய்யா மட்டும் ஆறு மரம். ஆறும் விதையில் முளைத்தவை, ஒன்று சுரைக்காய்போல் நீளம், ஒன்று உருண்டை, ஒன்றின் தோல் வழவழப்பு, இன்னொன்றில் சொரசொரப்பு. வீட்டில் தின்பதற்கு இதைவிடச் சுகம் உண்டா? ஒரே அளவில், ஒரே நாளில் பழுக்கிற நூறு கிலோ வேண்டும் என்று கேட்கும் சுப்பர்மார்க்கெட்டுக்குத்தான் இது ஆகாது.

ராத்தா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கதைத்தார். துரியான் இரண்டையும் மரத்தோடு கொடுத்துவிட்டார். தம்பிக்குத்தான் கொடுத்தார், ஆனாலும் விலை விலைதான். ஆனைக்கொய்யாவைக் கொடுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் சொன்னார். ஆனைக்கொய்யா மரத்தில் இருக்கும்வரை கனியாது, முற்றி நிற்கும். பறித்த பிறகுதான் மெத்தென்று ஆகும். சில மரங்களில் முற்றிய காய் சில கிழமைகளாவது தாங்கி நிற்கும். மரமே களஞ்சியம் மாதிரி. விலை பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கலாம்.

"அப்போ நல்ல விலை கிடைக்குமே?"

"குரங்கு விட்டாத்தானே மகன்."

குரங்கு வந்தால் ஒன்றைத் தின்னும், பத்தைக் கடித்து எறியும். மலை அணில் துரியானைப் பிஞ்சிலேயே துளைக்கும். இரவில் முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் கிழங்கைத் தோண்டும். குரங்குக்குப் பயந்தே இந்தப் பக்கத்தில் பலரும் முற்றாத ஆனைக்கொய்யாவைப் பறித்துவிடுகிறார்கள். அது கனியாமல் ரப்பர்போல் சுருங்கும், வாங்கியவர் அடுத்தமுறை வாங்கமாட்டார், விலை இன்னும் இறங்கும். குரங்குகள் 2023இல் அரசியல் செய்தியாகவே ஆயின. ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாக அப்போதைய விவசாய அமைச்சர் சொன்னார். எதிர்ப்பும் வழக்கும் வந்து அது நின்றது. பிறகு 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மலை அணில், மயில்களை எண்ணச் சொன்னது அரசாங்கம். ராத்தாவும் படிவமும் பேனாவுமாக முற்றத்தில் நின்றாராம். "அந்த அஞ்சு நிமிஷமும் ஒண்ணுகூட வரல்ல. எட்டரைக்கு வந்தாங்க, குடும்பத்தோட." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வருடத்து ரம்புட்டானில் பாதியாவது போயிருக்கும் என்று மருமகன் இறங்கும்போது சொன்னான்.

வீட்டின் உள்ளறையில் இரண்டு மூட்டை மிளகு இருந்தது. போன அறுவடை. விலை காணாது என்று வைத்திருக்கிறார். நான் கேட்கவந்த கணக்குக்கு விடை அந்த மூட்டைகளில்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒரே வளவு, ஒரே ஆள், ஒரே மண். மிளகை விற்கும்போது ராத்தாவிடம் வியாபாரி கெஞ்சுகிறார், இன்றைக்கு வேண்டாம், அடுத்த மாதம் வா என்று அவர் சொல்லலாம். துரியானை விற்கும்போது ராத்தா கெஞ்ச வேண்டியிருக்கிறது. துரியான் தானாகவே இரவில் விழும், விழுந்த இரண்டு மூன்று நாளில் தீர வேண்டும். மண்ணின் வளமும் மரத்தின் சாதியும் எவ்வளவு காய்க்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. காய்த்ததில் எவ்வளவு காசாகும் என்பதை, எத்தனை நாள் விற்காமல் இருக்க முடியும் என்பதுதான் தீர்மானிக்கிறது.

அடுத்த நாள் காலை ஓட்டோ பிடித்து எலதெத்தைக்குப் போனேன். கடலாதெனிய, லங்காதிலக கோயில்களுக்குப் போகிறவர்கள் சுற்றித் திரியும் வட்டாரம்தான் அது. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி இங்கே வாழ்ந்தவர். 1660இல் கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் பத்தொன்பது ஆண்டு வெளியேற முடியாமல் கிடந்து, 1679இல் அரிப்புக்குத் தப்பிப் போனார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் பழ மரங்களைப் பற்றி ஒரு பகுதி வரும். எங்காவது ஒரு மரம் அருமையான பழம் கொடுக்கிறது என்று தெரிந்தால் அரசனின் ஆட்கள் வந்து மூன்று முடிச்சுப் போட்ட கயிறொன்றை மரத்தைச் சுற்றிக் கட்டிவிடுவார்களாம். அதன்பிறகு மரத்துக்குச் சொந்தக்காரரும் தொடக் கூடாது. பழுத்ததும் வெள்ளைத் துணியில் சுற்றி அரண்மனைக்கு. சொந்தக்காரருக்கு ஒரு காசும் கிடையாது, எவ்வளவு தூரமானாலும் அவரையே சுமக்க வைக்காமல் விட்டால் அதுவே பெரிது. இதனால்தான் சனங்கள் நல்ல பழமரங்களை உயிர் பிழைக்கும் அளவுக்குமேல் நட அக்கறைப்படுவதில்லை என்று நொக்ஸ் எழுதுகிறார். லாபத்தை யார் எடுத்துக்கொள்கிறார் என்பது எத்தனை மரம் நடப்படும் என்பதைத் தீர்மானிக்கும் என்ற விவசாயப் பொருளாதாரத்தை, சிறைப்பட்ட ஒரு மாலுமி இந்த மலைச்சரிவில் நின்று கண்டுகொண்டிருக்கிறார்.

நொக்ஸ் தான் எதில் பிழைத்தார் என்பதையும் மறைக்கவில்லை. தொப்பி பின்னி விற்றார். தொப்பிக்கு விலை விழுந்ததும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். அறுவடைக்கு அறுவடை பாதிக்குப் பாதி வட்டி. பழமரங்களின் நடுவே வாழ்ந்த மனிதர் காசு பார்த்தது களஞ்சியத்தில் கிடக்கக்கூடிய பொருளில்.

பேராதனை போகும் வழியெல்லாம் எனக்குள் அந்தக் கயிறு முறுகிக்கொண்டிருந்தது. கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்களும் நாற்று விற்பனையும் இருக்கின்றன. ஒட்டுக் கட்டிய ஆனைக்கொய்யாக் கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். விதை மங்குஸ்தானுக்கு எட்டுப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். ஒட்டுக் கன்று நட்டால் அளவும் தோலும் ஒன்றாக இருக்கும், சுப்பர்மார்க்கெட்டும் ஏற்றுமதியாளரும் கிட்ட வருவார்கள். ஆனைக்கொய்யாப் பூவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வகை மரத்தில் பூ காலையில் பெண்ணாகவும் மறுநாள் பிற்பகலில் ஆணாகவும் விரியும், மற்ற வகையில் இது பிற்பகலில் தொடங்கி மறுநாள் காலையில் முடியும். இரண்டு வகையும் கிட்டக்கிட்ட இருந்தால் காய்ப்பு நல்லது. ராத்தாவின் வளவில் ஆறு விதமான மரம் நிற்பது இந்த விதத்தில் கெட்டிக்காரத்தனம்தான், யாரும் திட்டமிடாமல் அமைந்தது.

அறிவுரை சொல்ல வருகிறவர்கள் இந்தக் கலப்பு வளவைக் கலைத்து ஒரே பயிரை வரிசையாக நடச் சொல்லுவார்கள். நான் அதோடு ஒத்துப்போகமாட்டேன். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது நெற்காரரும் மரக்கறிக்காரரும் தேயிலைக்காரரும் விழுந்தார்கள். இலைச் சருகிலும் கிளிரிசிடியாத் தழையிலும் ஓடும் இந்த வளவுகளுக்கு அவ்வளவு அடி விழவில்லை. அடி அடுத்த வருடம் டீசலில் வந்தது. 2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் ஜூன் கடைசியில் 460. அந்த விலைக்கும் வரிசையில் நின்றால்தான் கிடைத்தது. லொறி வராத அந்த ஜூன், ஜூலைதான் பழத்தின் உச்சப் பருவம். நானா அதைப் பற்றிக் கதைக்கவே விரும்பவில்லை. பலாவும் ஆசினிக்காயும் அந்த வருடம் ஊரின் வயிற்றை நிரப்பின என்பதை மட்டும் சொன்னார்.

கைகூடக்கூடிய சிறு சிறு விஷயங்களும் இருக்கின்றன. பறித்த பழத்தில் 30 முதல் 40 வீதம் வரை வாயை எட்டாமல் கெடுகிறது என்று இந்நாட்டு விவசாய அதிகாரிகள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். பெரும்பகுதி சாக்கில் திணித்து ஏற்றுவதாலும், மேலிருந்து எறிவதாலும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதாலும். பிளாஸ்டிக் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்று 2011 கடைசியில் விதி கொண்டுவந்தபோது தம்புள்ளையில் வியாபாரிகளும் விவசாயிகளும் வீதியில் இறங்கினார்கள். பெட்டி போன லொறி வெறும் பெட்டியோடு திரும்ப வேண்டும், அந்தச் செலவை யார் கொடுப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மங்குஸ்தானைத் தடியின் நுனியில் துணிப்பை கட்டிப் பறித்தால் கீழே விழாது, நானா அழுத்தி ஒதுக்கிய அந்த நாலில் ஒன்று மிஞ்சும். ஆனால் அப்படிப் பறித்தால் ஒரு மரத்துக்கு ஒரு நாள் வேண்டும். ஏறுவதற்கே ஆளில்லை. பையன்கள் பியகமைத் தொழிற்சாலைகளிலும் கட்டாரிலும் இருக்கிறார்கள். மிஞ்சியிருப்பவர் அரை நாளில் நாலு மரத்தை உலுக்கிவிட்டுப் போகத்தான் பார்ப்பார்.

நான் திரும்பி வந்த நாலாம் மாதம், நவம்பர் 22ஆம் திகதி, பஹல கடுகண்ணாவையில் பாறையும் மண்ணும் வீதியோரக் கடையொன்றின் மேல் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயின. வீதியை மூடினார்கள். அந்தக் கிழமை முடியுமுன் டித்வா புயல் வந்து மலைநாட்டையே புரட்டியது. ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது. பதற்றத்தோடு நானாவுக்கு அழைத்தேன். குடும்பம் பத்திரம் என்றார். கடையின் தகரம் போய்விட்டது. அதைவிட, நிறுத்தி வாங்க வாகனம் இல்லை. வீதியோரக் கடையின் லாபமெல்லாம் நிற்கிற வாகனத்தில்தான் இருக்கிறது. இடையில் கமிசன் இல்லை, லொறி இல்லை, தின்கிறவர் கையிலிருந்து காசு நேரே வருகிறது. வீதி மூடினால் மறுபடியும் பெலியகொடைதான், அதற்கும் அப்போது வழியில்லை. வீதி திறந்த பிறகும் இன்னொன்று வரவிருக்கிறது. மத்திய அதிவேக நெடுஞ்சாலையில் மீரிகமையிலிருந்து குருணாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறந்தாயிற்று. கண்டிக்கான கிளை பொத்துஹெரவில் பிரிந்து ரம்புக்கனை வழியாகக் கலகெதர போவதாக வரைந்திருக்கிறார்கள். கடுகண்ணாவை வளைவு அதில் இல்லை. அதிவேகப் பாதையில் துரியான் வாசத்துக்காக யாரும் பிரேக் போடப்போவதுமில்லை.

இதை நானாவிடம் சொன்னபோது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ராத்தா மிளகை இன்னும் விற்கவில்லையாம், மூட்டைகள் நனையவில்லையாம். பிறகு வியாபாரத்துக்கு வந்தார்.

"தம்பி, அடுத்த பருவத்துக்குக் கொழும்புல ஆனைக்கொய்யா எடுக்க நல்ல ஆள் யாரும் இருந்தாச் சொல்லுங்க. ராத்தாட மரமும் எங்கட மரமும் பக்கத்து வளவுகளும் சேர்த்துக் கிழமைக்குக் கிழமை பறிச்சு அனுப்பலாம். மரத்தோட கேக்கிற ஆள் வேணாம். கிலோக்குக் கேக்கிற ஆளாப் பாருங்க."